லாம்டாவின் உணர்திறன் அட்டவணை: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

ஓர் உயிரினத்தை வளர்ச்சிப் பருவங்களாகப் பிரித்து, அவற்றின் பிழைப்பு, ஈனுதல் வீதங்களை ஓர் அணியில் (matrix) அடுக்குவது பருவ அணி மாதிரி. அதோடு புழங்குபவர்களுக்கு லாம்டா பழகிய எண்: ஒவ்வொரு காலப்படியிலும் அந்த உயிரினத்தின் தொகை எத்தனை மடங்காகிறது என்பது. 1-ஐத் தாண்டினால் தொகை பெருகும், கீழே போனால் தேயும். எனக்கு அதைவிட அதிகம் உதவியது, அணியின் ஒவ்வொரு எண்ணையும் சற்றே மாற்றினால் லாம்டா எவ்வளவு மாறும் என்று காட்டும் உணர்திறன் அட்டவணைதான்.

சூழலியலாளர் காஸ்வெல் 1978-இல் தந்த சூத்திரம் சிறியது: சேரும் பருவத்தின் இனப்பெருக்க மதிப்பை (வருங்காலத் தொகைக்கு அது தரும் பங்களிப்பு), கிளம்பும் பருவத்தின் நிலைத்த பங்கால் (நெடுநாளில் தொகையில் அது பிடிக்கும் விகிதம்) பெருக்கி, எல்லாப் பருவங்களுக்குமான இந்த இரு மதிப்புகளின் திசையன்களுடைய உட்பெருக்கத்தால் வகுக்க வேண்டும். ஆர் (R) என்ற கணினி மொழியின் பாப்பயோ (popbio) தொகுப்பில் இது ஒரு வரி வேலை.

ஆனால் வரும் எண்களை அப்படியே நம்ப முடியாது. ஒரு சின்ன மாதிரி: வளர்ந்த பெண்ணுக்கு ஆண்டுக்கு 2 பெண் குட்டிகள், குட்டி பிழைக்கும் வாய்ப்பு 0.3, வளர்ந்தது பிழைக்கும் வாய்ப்பு 0.8. லாம்டா 1.27. குட்டி பிழைப்பின் உணர்திறன் 1.15, ஈனுதலுக்கு வெறும் 0.17. குட்டிகளைக் காப்பதுதான் வழி என்று தோன்றும். நெகிழ்ச்சியை, அதாவது ஒரு வீதம் 1% மாறினால் லாம்டா எத்தனை சதவீதம் மாறும் என்பதைப் பார்த்தால் இரண்டுக்குமே 0.27! பிழைப்பு 0-க்கும் 1-க்கும் இடையே அடங்கியது, ஈனுதல் அப்படி அல்ல. அலகு செய்யும் வேலை இது. நெகிழ்ச்சிகளைக் கூட்டினால் 1 வருவதால், வளர்ந்தவை பிழைப்பதன் பங்கு 0.46 என்று நேராகவே படிக்கலாம்.

இந்த முறையின் பெருமைக்கு அமெரிக்கத் தென்கிழக்குக் கரையின் பெருந்தலை ஆமைகளே சான்று. முட்டைகளும் குஞ்சுகளும் முழுக்கப் பிழைத்தாலும் தொகை தேய்வது நிற்காது என்று 1987-இல் வந்த ஆய்வு காட்டியது; பெரிய இளம் ஆமைகளின் பிழைப்பே முக்கியம். இறால் வலையில் ஆமை தப்பும் பொறி வைக்கும் வாதத்துக்கு அது வலுச் சேர்த்தது.

குறை? இது ஒரு புள்ளியில் எடுத்த சாய்வு மட்டுமே. என் மாதிரியில் 0.3-ஐ 0.6 ஆக்கினால் சாய்வு சொல்வது 1.62, உண்மையில் வருவது 1.57. சிறு மாற்றத்துக்குச் சரி. பெரிய திட்டம் என்றால் அணியையே மாற்றி மறுபடி ஓட்டிவிடுவேன். அணியில் சுழியமாக உள்ள இடங்களுக்கும் உணர்திறன் கிடைக்கும். உயிரியலில் நடக்கவே முடியாத மாற்றத்துக்குப் பெரிய எண் வந்தால் சிரித்துவிட்டுக் கடப்பதே நல்லது. நெகிழ்ச்சி அதிகமுள்ள பிழைப்பு வீதம் ஏற்கெனவே 0.95 என்றால், அதை உயர்த்த இடமே இல்லை என்பதையும் அட்டவணை சொல்லாது.

பருவங்களைப் பிரிக்கும் விதம் மாறினால் நெகிழ்ச்சியின் பங்கீடும் மாறிவிடுகிறது. அதனால் பருவ எண்ணிக்கை வேறுபடும் இரண்டு இனங்களின் அட்டவணைகளை அருகருகே வைத்து ஒப்பிட நான் துணிவதில்லை.