பருந்துப் பயிற்சித் தொடக்கப் பெட்டி: தோல் வேலை நன்று, கையேட்டை நம்ப வேண்டாம்

வேட்டைப் பறவைப் பயிற்சிக்குப் புதிதாக வருபவர்களுக்கென்று விற்கப்படும் தொடக்கப் பெட்டிகளில் இது நடுத்தர அளவு. ஹாரிஸ் பருந்துக்கும் அதே உடல்வாகுள்ள பறவைகளுக்கும் ஏற்றது என்று அட்டையில் போட்டிருக்கிறது. உள்ளே கையுறை, கணுக்கால் பட்டைகள், கால்வார்கள் (பட்டையில் கோத்துப் பறவையைப் பிடித்துக்கொள்ளும் தோல்வார்கள்), சுழலி (வாரும் கயிறும் முறுக்கேறாமல் சுழலும் இணைப்பு), கட்டுக்கயிறு, பயிற்சிக்கயிறு (பறக்கப் பழக்கும்போது கட்டும் நீளக் கயிறு), லூர் (கயிற்றில் சுழற்றிப் பறவையை அழைக்கும் போலி இரை), மணிகள், தலைமூடி, வில் வடிவ அமர்கட்டை, கூடவே ஒரு சிறு கையேடு. தராசு இல்லை.

இருப்பதில் சிறந்தது கையுறை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இரட்டைத் தோல், மற்ற விரல்களுக்கு ஒற்றை. பறவையின் நகம் அழுத்தும் இடம் மேலே, கால்வாரைத் தொட்டு உணர வேண்டிய விரல்கள் கீழே. இதைப் புரிந்தவர்தான் தைத்திருக்கிறார். கெஸ்ட்ரல் போன்ற சிறு வல்லூறுக்கு மட்டும் இது தடிமன் அதிகம்.

கணுக்கால் பட்டைகள் மெல்லிய கங்காருத் தோல். மெலிதாக இருந்தும் எளிதில் கிழியாது. ஆனால் பித்தளைக் கண்களை, அதாவது கால்வார் நுழையும் துளையில் பதித்த வளையங்களை, பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கொஞ்சம் பஞ்சை எடுத்துக் கண்ணின் உள்விளிம்பில் தேயுங்கள். இழை மாட்டினால் அந்த விளிம்பு பறவையின் காலையும் அறுக்கும். நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து மழுங்கச் செய்யலாம். மாட்டியபின் பட்டை காலைச் சுற்றித் தடையில்லாமல் சுழல வேண்டும், விரல்களைத் தாண்டிக் கழன்று வரவும் கூடாது. தோல் காய்ந்து விறைத்தால் செதில்களை உராய்ந்து புண்ணாக்கும். அதனால் மாட்டும் முன்பும் பிறகு அவ்வப்போதும் தோல் கொழுப்பு பூச வேண்டும்.

கால்வார்களில் குறை பெரிது. நுனியில் பிளவுள்ள கால்வார் மட்டுமே கொடுத்திருக்கிறார்கள். அது சுழலியில் மாட்டிக் கட்டிவைக்க உதவும். கட்டவிழ்த்துப் பறக்கவிடும்போது அதே பிளவு சுள்ளியில் மாட்டும், பறவை மரத்தில் தலைகீழாகத் தொங்கிச் சாகும். இப்படிக் கண் வைத்த பட்டையின் பயனே, வெளியே போகும்போது பிளவுக் கால்வாரை உருவிவிட்டுப் பிளவில்லாததை மாட்டிக்கொள்வதுதான். அந்த இரண்டாவது ஜோடி இல்லாமல் பெட்டியை விற்றிருக்கக் கூடாது. ஒரு முனையில் மட்டும் தோல் முடிச்சுள்ள இரண்டு வார்களை நீங்களே வெட்டிக்கொள்ளலாம், கடினமில்லை.

சுழலி துருப்பிடிக்காத எஃகு, தடையின்றிச் சுழல்கிறது. வளையத்தின் பற்றவைப்பில் இடைவெளி இருக்கிறதா என்று ஒருமுறை நகத்தால் தடவிப் பாருங்கள்.

பயிற்சிக்கயிறு 25 மீட்டர், பின்னல் கயிறு, மரக்கட்டையில் சுற்றியது. பின்னல் என்பதால் முறுக்கேறாது. ஆனால் நைலான். இழுபட்டுத் திரும்பிச் சுண்டும். அதிகம் நீளாத பாலியெஸ்டர் பின்னல் மேல். கட்டையைத் தரையில் அறைந்து நிறுத்தச் சொல்கிறது கையேடு. அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். வேகத்தில் கயிற்றின் முடிவுக்கு வரும் பறவையின் முழு விசையும் அதன் கால்களில்தான் விழும். கட்டையைத் தரையில் சும்மா போட்டால் அது இழுபட்டு மெல்ல வேகத்தைக் குறைக்கும். புல் குட்டையாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். உயரப் புல்லில் கயிறு சிக்கிப் பறவை பாதி வழியில் விழுந்தால், அடுத்த அழைப்புக்குத் தயங்கும். அமர்கட்டையிலிருந்து கைக்கு ஒரு தாவல், பிறகு 2 மீட்டர், 5, 10 என்று நீட்டுங்கள். முழு நீளத்துக்கும் கூப்பிட்டவுடன் நேராக வருவது பல நாள் மாறாமல் நடந்த பின்தான் கயிற்றை அவிழ்க்க வேண்டும்.

தலைமூடி ஒரே அளவு. இரைகொல்லிப் பறவைகளில் பெண் ஆணைவிடக் கணிசமாகப் பெரியது, ஒரே மூடி இரண்டுக்கும் பொருந்தாது. கண்ணைத் தொடும் மூடி ஒரே நாளில் மூடியையே வெறுக்க வைத்துவிடும். வாய்த்திறப்பு குறுகலானால், உமிழுருண்டையை (இரையின் செரிக்காத மயிர், இறகு சேர்ந்த உருண்டை) கக்கும்போது மூச்சடைக்கும். இதை ஒதுக்கிவைத்து அளவெடுத்துச் செய்தது வாங்குங்கள்.

அமர்கட்டை பருந்துக்குச் சரி. வளையம் வில்லின் இருபுறமும் தடையின்றி ஓடுகிறது, ரப்பர் உறையும் நன்று. வல்லூறு வளர்ப்பவருக்கு இது உதவாது. பாறை விளிம்புகளில் உட்காரும் பாதத்துக்குத் தட்டையான கட்டையும் மேலே செயற்கைப் புல்லும் வேண்டும். பொருந்தாத பரப்பில் ஓரிடத்திலேயே அழுத்தம் விழுந்து உள்ளங்கால் வீங்கிப் புண்ணாகும். அந்தப் புண் எளிதில் ஆறாது.

இனி கையேடு. இளம் பறவை வந்த அன்றே தீனியைக் குறைத்து எடையை இறக்கச் சொல்கிறது. இந்தப் பெட்டியில் மிக ஆபத்தான விஷயம் இதுதான். இறகு வளர்ந்துகொண்டிருக்கும்போது தீனி குறைந்தால், அந்நேரம் உருவாகும் பகுதி மெலிந்து, எல்லா இறகுகளிலும் ஒரே மட்டத்தில் குறுக்குக்கோடு விழும். பின்னர் ஒடிவது அந்தக் கோட்டில்தான், ஒடிந்த இறகுக்குப் பதில் அடுத்த இறகுதிர்வு வரை புதிது முளைக்காது. இறகின் அடித்தண்டைப் பாருங்கள். கருநீலமாக இருந்தால் உள்ளே இன்னும் இரத்தம் ஓடுகிறது. எல்லாத் தண்டும் வெளுத்துக் காயும் வரை வயிறார ஊட்ட வேண்டும். அதன் பிறகே எடைக் குறைப்பு, அதுவும் சிறிது சிறிதாக.

வெறும் மாட்டிறைச்சித் துண்டுகளே போதும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. எலும்பில்லாத தசையில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. வளரும் குஞ்சின் கால் எலும்புகள் வளைந்துபோகும். காடை, கோழிக்குஞ்சு என்று எலும்போடு முழு இரையாகக் கொடுங்கள். கைக்கு அழைக்கும்போது கொடுக்கும் துணுக்குக்கு வேண்டுமானால் தசை இருக்கட்டும்.

எடை குறைக்கச் சொல்லிவிட்டுத் தராசு தராததை என்ன சொல்வது! 1000 கிராம் பறவைக்கு 5 கிராம் என்பது 0.5 சதவீதம், 200 கிராம் கெஸ்ட்ரலுக்கு அதுவே 2.5 சதவீதம். எனவே 1 கிராம் வரை காட்டும் தராசு கட்டாயம் வேண்டும். தட்டில் ஒரு சிறு அமர்கட்டையைப் பொருத்திச் சுழியாக்கிக்கொண்டு, தினமும் ஒரே நேரத்தில், உமிழுருண்டை கக்கிய பின், இரைப்பை காலியாக இருக்கும்போது நிறுங்கள். எண்ணோடு மார்பெலும்பையும் தொட்டுப் பாருங்கள். அது கத்தி போல் துருத்தினாலும், பறவை இறகைச் சிலிர்த்துக் கண்ணைச் சுருக்கி உட்கார்ந்தாலும், எச்சம் கரும்பச்சையானாலும் அன்றைக்குப் பயிற்சி கிடையாது. தீனி கொடுத்துப் பறவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

லூரின் உள்ளே கனமான மரத்துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்கள். சுழற்றும்போது பறவை மேல் பட்டால் எலும்பு முறியும். தையலைப் பிரித்து மரத்தை எடுத்துவிட்டுத் தோல்துண்டுகளை அடைத்துக்கொள்ளலாம்.

கையுறை, சுழலி, பட்டை, அமர்கட்டை இந்த நான்குக்காகவும் பெட்டியை வாங்கலாம், ஹாரிஸ் பருந்துக்கு மட்டும். கெஸ்ட்ரல் வைத்திருப்பவர்கள் தனித்தனியாகவே வாங்குங்கள். மணிகளின் ஓசை தெளிவாக இருந்தாலும் காற்றடிக்கும் நாளில் தொலைவில் கேட்காது. முதல் கட்டவிழ்ப்புக்கு முன்பே ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர் வாங்கி, பறவையின் எடையில் 3 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கிறதா என்று அதே தராசில் நிறுத்துப் பார்த்து மாட்டுங்கள்.