மாடி ஸ்லாபுக்கு கிர்க்கோஃபா, மிண்ட்லினா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கட்டும் ஒரு சாதாரண வீட்டின் மாடிக்குக் கணக்குப் போட்டாலும் மென்பொருள் முதலில் கேட்பது இதைத்தான்: தின் பிளேட்டா (மெல்லிய தகடு, கிர்க்கோஃப் கோட்பாடு), திக் பிளேட்டா (தடித்த தகடு, மிண்ட்லின் கோட்பாடு)? பின்னால் வந்தது என்பதால் திக்தான் துல்லியம் என்று பலரும் அதையே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அது பாதி உண்மை.

கிர்க்கோஃப் 1850இல் சொன்னது: தகட்டின் நடுத்தளத்துக்குச் செங்குத்தான கோடு, தகடு வளைந்த பிறகும் செங்குத்தாகவே இருக்கும். ஷியரால், அதாவது அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவப் பார்ப்பதால், வரும் உருமாற்றம் கணக்கிலேயே இல்லை. ரைஸ்னரும் (1945) மிண்ட்லினும் (1951) அந்தக் கோடு சாயலாம் என்று இடம் கொடுத்தார்கள்.

வித்தியாசம் எவ்வளவு? நான்கு பக்கமும் இறுகப் பிடிக்காமல் சும்மா தாங்கிய சதுரத் தகடு, சீரான பாரம், பாய்சான் விகிதம் (ஒரு பக்கம் இழுத்தால் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்பது) 0.3 என்று வைப்போம். நடுத் தொய்வுக்கு கிர்க்கோஃப் தரும் குணகம் (தொய்வைக் கணக்கிடப் பெருக்கும் எண்) எந்தத் தடிமனுக்கும் 0.00406. பக்கம் தடிமனைப்போல் 10 மடங்கு என்றால் மிண்ட்லின் 0.00427 தருகிறது, 5 மடங்கு என்றால் 0.00490. அதாவது கிர்க்கோஃப் முறையே 5, 17 சதவீதம் குறைத்துச் சொல்கிறது. மூன்று மீட்டர் அறைக்கு 125 மில்லிமீட்டர் ஸ்லாப் என்றால் 24 மடங்கு. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. கான்கிரீட் விரிசல் விட்டாலே தொய்வு இதைவிடப் பல மடங்கு மாறும். அறைக்கு கிர்க்கோஃபே போதும். தடித்த பைல் கேப்புக்கு (அஸ்திவாரத் தூண்களின் தலையை மூடும் கான்கிரீட் கட்டிக்கு) அதைத் தொடவே கூடாது.

ஆனால் மூலைக்குப் போனால் கதை வேறு. அங்கே கிர்க்கோஃப் ஒரே புள்ளியில் ஒரு விசையை வைக்கிறது: சதுர மீட்டருக்கு 6 கிலோநியூட்டன் பாரம் என்றால், நம் மூன்று மீட்டர் ஸ்லாபின் ஒவ்வொரு மூலையும் மேலே எழப் பார்க்கும், அதை அழுத்திப் பிடிக்கச் சுமார் 350 கிலோ எடை வேண்டும். மிண்ட்லினில், விளிம்பில் கோட்டின் சாய்வைத் தடுக்காமல் விட்டால், அதே விசை தடிமன் அளவு அகலமுள்ள பட்டைக்குள் பரவுகிறது. 500 மில்லிமீட்டர் மெஷ் (கணினி தகட்டைப் பிரிக்கும் சிறு கட்டங்கள்) போட்டவருக்கு அந்தப் பட்டை கண்ணிலேயே படாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 இந்த மாதிரி மூலைகளில் குறுகிய பக்கத்தின் ஐந்தில் ஒரு பங்கு தூரத்துக்கு ஸ்லாபின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் முறுக்கத்தைத் தாங்கும் கம்பி கேட்கிறது. உப்புக் காற்று வீசும் நம் ஊரில் அதை விட்டால், மூலை விரிசல் வழியாக உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும். இதில் சமரசம் வேண்டாம்.

மிண்ட்லினுக்கும் ஒரு நோய் உண்டு. மெல்லிய தகட்டில் பழைய நான்கு முனை எலிமென்ட் (மெஷ்ஷில் ஒரு கட்டம்), விறைப்பை முழு இன்டக்ரேஷனில், அதாவது எல்லாப் புள்ளிகளிலும் கூட்டிக் கணக்கிட்டால், விறைத்துக்கொள்ளும். தொய்வு பொய்யாகக் குறையும். பாத்தேயும் ட்வோர்கினும் 1985இல் இதற்கு நல்ல மருந்து தந்தார்கள். உங்கள் மென்பொருளில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இரண்டு கோட்பாடுகளையும் ஓட்டி வித்தியாசம் பார்ப்பது பிழையை அளப்பதாகாது. முப்பரிமாண உண்மையிலிருந்து இரண்டுமே விலகியிருக்கலாம். பிராகரும் சிஞ்சும் 1947இல் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. சமநிலைக்குப் பொருந்தும் தகைவு (உள்விசை) ஒன்று, தாங்கிகளுக்குப் பொருந்தும் இடப்பெயர்ச்சி ஒன்று எடுங்கள்; இடப்பெயர்ச்சியையும் தகைவாக மாற்றுங்கள். இரண்டின் சராசரி, உண்மையிலிருந்து அவற்றின் இடைவெளியில் சரியாகப் பாதி தள்ளி நிற்கும், ஆற்றல் கணக்கில். உண்மைத் தீர்வு தெரியாமலே பிழை கையில் கிடைக்கிறது! தகடு மெலிய மெலிய கிர்க்கோஃப் உண்மையை நெருங்கும் என்று மார்கென்ஸ்டெர்ன் 1959இல் நிறுவியதும் இந்த வழியில்தான். ஆனால் அது தகடு முழுமைக்குமான கணக்கு. ஒரு மூலை மட்டும் வேண்டுமென்றால், அந்தத் துண்டை மட்டும் முப்பரிமாணத்தில் தனியே போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.