ஒரே டாக்டர் கிளினிக்கா, நாலஞ்சு டாக்டர் இருக்கற கிளினிக்கா, இல்ல போன்லயே பாத்துக்கலாமா?

அம்மாவுக்கு சுகரும் பிரஷரும் இருக்கு, பையனுக்கு அடிக்கடி காய்ச்சல் சளி, சில சமயம் காது வலி. இவங்களுக்காக ரெண்டு மூணு வருஷமா மூணு விதமான எடத்துக்கும் மாத்தி மாத்தி போயிருக்கோம். ஒரே டாக்டர் உக்காந்து பாக்குற சின்ன கிளினிக், நாலஞ்சு டாக்டர் ஷிஃப்ட் போட்டு பாக்குற பெரிய கிளினிக், அப்புறம் போன்ல வீடியோவுல பாக்குற ஆப். எது நல்லதுன்னு கேட்டா உடனே ஒண்ண சொல்ல முடியாது, ஏன்னா யாருக்காக, எதுக்காக போறோங்கறத வச்சு பதில் மாறுது.

மொதல்ல ஒரு விஷயம். குடும்ப டாக்டர்ட்ட என்ன இருக்கு, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிரலாம்னு நினைக்கறவங்க நிறைய பேர். 1961-ல கெர் வைட்ங்கற அமெரிக்க டாக்டரும் அவர் கூட வேலை பாத்தவங்களும் ஒரு கணக்கு போட்டாங்க, 1000 பெரியவங்கள எடுத்துக்கிட்டா ஒரு மாசத்துல 750 பேருக்கு ஏதாவது உடம்புக்கு முடியாம போகுது, அதுல 250 பேர் டாக்டர்ட்ட போறாங்க, ஆஸ்பத்திரில படுக்க வேண்டி வரது 9 பேர்தான். அதாவது நம்மளோட பெரும்பாலான கஷ்டம் பக்கத்துல இருக்கற கிளினிக்லயே முடிஞ்சிரணும். அதனாலதான் அந்த கிளினிக் எப்படி இருக்குங்கறது இவ்ளோ முக்கியம்.

எவ்ளோ சீக்கிரம் பாக்க முடியும்னு பாத்தா ஆப்தான் வேகம், கால் மணி நேரத்துல யாராவது ஒரு டாக்டர் ஸ்கிரீன்ல வந்துருவாங்க. பெரிய கிளினிக்ல அன்னைக்கே கிடைச்சிரும், காலைல இருந்து ராத்திரி வரைக்கும் யாராவது இருப்பாங்க, ஞாயித்துக்கிழமையும் திறந்திருக்கும். தனி டாக்டர்ட்ட டோக்கன் வாங்கிட்டு ஒண்ணரை ரெண்டு மணி நேரம் உக்காரணும், அவர் வெளியூர் போயிட்டா கதவுல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கும் அவ்ளோதான். இதுல சின்ன கிளினிக் தோத்துருச்சுன்னு நானும் ரொம்ப நாள் நினைச்சேன். ஆனா கூட்டத்த சமாளிக்கவும் வழி இருக்கு, 2000 வாக்குல அமெரிக்கால மார்க் முர்ரே, கேத்தரின் டான்டௌன்னு ரெண்டு பேர் எழுதுனாங்க, அப்பாயின்ட்மென்ட் எல்லாத்தையும் முன்கூட்டியே நிரப்பாம அன்னைக்கு வர்றவங்களுக்குன்னு பெரும் பங்க காலியா வச்சிருந்தா காத்திருப்பு தானா குறையும்னு. எந்த கிளினிக்கா இருந்தாலும் சேர்றதுக்கு முன்னாடி இத கேட்டுப் பாருங்க, காலைல போன் பண்ணா அன்னைக்கே பாக்க எடம் ஒதுக்கி வைக்கிறீங்களான்னு.

உள்ள போனதுக்கு அப்புறம் கிடைக்கிற நேரம் வேற கதை. 67 நாடுகள்ல எடுத்த கணக்க வச்சு 2017-ல ஒரு ஆய்வு வந்துச்சு, டாக்டர் ஒரு ஆளுக்கு செலவழிக்கிற நேரம் ஒரு நாட்டுல 48 செகண்ட், இன்னொரு நாட்டுல 22 நிமிஷத்துக்கு மேல, உலக ஜனத்தொகைல பாதிப் பேர் இருக்கற நாடுகள்ல அஞ்சு நிமிஷமோ அதுக்கும் கம்மியோதான். அஞ்சு நிமிஷத்துல ஒரு புது டாக்டருக்கு அம்மாவோட பத்து வருஷக் கதைய எப்படி சொல்லுவீங்க? ஏற்கனவே தெரிஞ்சவருக்கு அதே அஞ்சு நிமிஷம் போதும், ஏன்னா அவர் பழச கேக்க வேண்டியதில்ல, புதுசா என்னன்னு மட்டும் கேப்பாரு. இங்கதான் என் மனசு மாற ஆரம்பிச்சது.

எங்களுக்கு நடந்தத சொல்றேன். பெரிய கிளினிக்ல ஒரு தடவை ஒரு டாக்டர் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை எழுதுனாரு, ஆறு வாரம் கழிச்சு போனப்ப வேற டாக்டர் இருந்தாரு, அவர் ஒரு மாத்திரை எழுதுனாரு, ரெண்டும் வேற வேற கம்பெனி பேரு, உள்ள இருக்கற மருந்து ஒண்ணுதான். அம்மா ரெண்டையும் சேத்து பன்னெண்டு நாள் சாப்ட்டாங்க, காலைல எந்திரிச்சா தலை சுத்துது தலை சுத்துதுன்னு சுவத்த பிடிச்சிட்டு நடந்தாங்க. கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்குனு சொன்னாங்க, இருந்துச்சுதான், ஆனா திறந்து பாக்க யாருக்கும் நேரம் இல்ல. யாரோ ஒருத்தர் மேல தப்புன்னு சொல்லல, இந்த அமைப்புல அம்மா யாரோட பொறுப்புன்னே இல்ல, அதுதான் பிரச்சனை. மாத்திரை அட்டைய கைல வச்சு பேரப் பாத்து கண்டுபிடிச்சது அந்த தனி டாக்டர்தான், நாங்க போனது தலைசுத்தலுக்குக் கூட இல்ல, பையனோட சளிக்கு, அம்மாவும் கூட வந்திருந்தாங்க, நடக்கறத பாத்துட்டு ஏம்மா இப்படி நடக்குறீங்கன்னு அவராத்தான் கேட்டாரு.

அதே டாக்டர் அன்னைக்கு செருப்ப கழட்டச் சொல்லி கால பாத்தாரு. பாதத்துல மெல்லிசா ஒரு நைலான் இழைய வச்சு குத்தி தெரியுதா தெரியுதான்னு கேட்டாரு, விரலுக்கு நடுவுல புண்ணு இருக்கான்னு பாத்தாரு. சுகர் இருக்கறவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது கால் பாக்கணும், கண்ணு பாக்கணும், கிட்னிக்கு ரத்தமும் யூரினும் டெஸ்ட் பண்ணணும், மூணு மாச சுகர் சராசரியக் காட்டுற டெஸ்ட் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது எடுக்கணும். அதுவரைக்கும் ரெண்டு வருஷத்துல யாருமே அம்மா கால பாத்ததில்ல. ஆப்ல பாக்கவே முடியாது. பெரிய கிளினிக்ல பாக்க முடியும், ஆனா ஒவ்வொருத்தரும் அடுத்தவர் பாத்திருப்பாருன்னு விட்டுட்டாங்க.

நார்வேல நாப்பது லட்சத்துக்கு மேல ஆளுங்களோட விவரத்த வச்சு ஒரு ஆய்வு பண்ணியிருக்காங்க, ஒரே குடும்ப டாக்டர்ட்ட 15 வருஷத்துக்கு மேல இருந்தவங்களுக்கு, ஒரு வருஷம் மட்டும் இருந்தவங்கள விட அவசரமா ஆஸ்பத்திரில சேர்றது 28 சதவீதமும் இறப்பு 25 சதவீதமும் கம்மியா இருந்துச்சு. டாக்டர மாத்தாம இருந்தது மட்டுந்தான் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா வருஷம் கூடக் கூட படிப்படியா குறைஞ்சிருக்கு. அம்மா கதைய பாத்ததுக்கு அப்புறம் எனக்கு அது ஆச்சரியமாவே இல்ல.

என்னென்ன வசதி இருக்குன்னு பாத்தா பெரிய கிளினிக் முன்னாடி நிக்குது, அத மறைக்க கூடாது. ரத்தம் அங்கயே எடுப்பாங்க, ஈசிஜி இருக்கு, தடுப்பூசி இருக்கு, புண்ணுக்கு கட்டு போட நர்ஸ் இருக்காங்க, பொம்பளை டாக்டர் வேணும்னா கேக்கலாம். அம்மாவும் பொண்ணுங்களும் டாக்டர்ட்ட சொல்லாம மறைக்கிற பாதி விஷயத்துக்கு அந்த கடைசி வசதி இல்லாததுதான் காரணம். தனி கிளினிக்ல தடுப்பூசி போடுறாங்கன்னா ஃப்ரிட்ஜ் 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கா, கரண்ட் போனா என்ன பண்றாங்கன்னு கேக்கலாம், தப்பே இல்ல. பிரஷர் பாக்குற விதத்த வச்சும் ஒரு எடத்த எடை போடலாம். அஞ்சு நிமிஷம் உக்கார வச்சு, முதுகு சாஞ்சு, கால் தரைல பட்டு, பேசவிடாம, துணிக்கு மேல இல்லாம வெறுங்கைல கட்டி பாக்கணும், பட்டை சின்னதா இருந்தா பிரஷர் கூட காட்டும். படி ஏறி வந்த உடனே எடுத்து மாத்திரைய கூட்டுற எடத்துல நான் அம்மாவ காட்ட மாட்டேன்.

படின்னதும் ஞாபகம் வருது, முட்டி வலிக்கிற ஆளுக்கு மாடில கிளினிக் இருந்தா அது இல்லாத மாதிரிதான். லிஃப்ட், சரிவு, கைப்பிடி வச்ச பாத்ரூம், சாயற மாதிரி நாற்காலி, இதெல்லாம் பாக்காம டாக்டர் கைராசிய மட்டும் பாத்து போனா நாலாவது மாசம் அம்மாவே வரலைன்னுருவாங்க.

ஆப்ப ஒரேடியா ஒதுக்க மாட்டேன். வந்த ரிப்போர்ட்ட புரிஞ்சுக்க, ஏற்கனவே நேர்ல பாத்த விஷயத்துக்கு அடுத்து என்னன்னு கேக்க, வெளியூர்ல மாட்டிக்கிட்டா, இதுக்கெல்லாம் நல்லா இருக்கு. ஆனா பையனோட காதுக்குள்ள டார்ச் அடிச்சு பாக்க முடியாது, நெஞ்சுல ஸ்டெத் வைக்க முடியாது, வயித்த அமுக்கி பாக்க முடியாது. அம்மாவோட முட்டி வலிக்கு ஆப்ல ஒருத்தர் சட்டுனு டைக்ளோஃபினாக் எழுதிட்டாரு, பிரஷர் இருக்கு, தண்ணி மாத்திரை, அதான் யூரின் அதிகமா போக வைக்கிற மாத்திரை, சாப்பிடுறாங்கன்னு நான் சொல்லாததும் தப்பு, அவர் கேக்காததும் தப்பு. அந்த வகை வலி மாத்திரை பிரஷர ஏத்தும், தண்ணி மாத்திரையோட சேந்தா கிட்னியையும் பாதிக்கலாம். நெஞ்சு வலி, மூச்சு திணறல், வாய் ஒரு பக்கம் கோணுறது, கை கால் திடீர்னு விழுறது, இதுக்கு இந்த மூணுமே வேண்டாம், நேரா எமர்ஜென்சிக்கு போங்க, டாக்டருக்கு போன் பண்ணி கேட்டுட்டு போலாம்னு உக்காரவே கூடாது.

கடைசியா என் கணக்குல பெருசு, பாத்துட்டு வந்த மறுநாள். ரிப்போர்ட் வந்தா யார் பாக்குறாங்க, ஏதாவது கூட குறைய இருந்தா அவங்களா கூப்பிடுறாங்களா, மாத்திரை ஒத்துக்கலன்னா யாருக்கு சொல்றது? பெரிய கிளினிக்ல ரிப்போர்ட் போனுக்கு வந்துரும், ஆனா அத பாத்து பேசணும்னா மறுபடி அப்பாயின்ட்மென்ட். ஆப்ல சேட்டிங் மூணாவது நாள் மூடிரும். தனி டாக்டர்ட்ட மத்தியானம் ஒரு மணில இருந்து ரெண்டு மணி வரைக்கும் போன் எடுப்பாரு, அம்மா பேர சொன்னாலே போதும்.

அதனால இப்ப அம்மாவுக்கு தனி டாக்டர், பையனுக்கு ராத்திரியோ ஞாயித்துக்கிழமையோ காய்ச்சல்னா மட்டும் பெரிய கிளினிக், மறுநாள் அந்த சீட்டு தனி டாக்டர் கைக்கு போயிரும். அவர் இல்லாத நாள்தான் பயமா இருந்துச்சு, நேரா அவர்ட்டயே கேட்டேன், ஒண்ணும் கோவப்படல. அம்மாவோட நோய், மருந்துங்களோட பேரும் அளவும், ஒத்துக்காத மருந்து, கடைசி டெஸ்ட் எல்லாத்தையும் ஒரே பக்கத்துல எழுதி சீல் வச்சு கொடுத்தாரு, தான் இல்லாதப்ப யார்ட்ட போகணும்னு இன்னொரு டாக்டர் பேரும் அதுலயே இருக்கு. அந்த பக்கத்த பிளாஸ்டிக் கவர்ல போட்டு அம்மா பைலயே வச்சிருக்கோம். இப்பல்லாம் அவர் லீவு போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ரிசப்ஷன் அக்கா அம்மாவ கூப்ட்டு மாத்திரை எத்தன நாளுக்கு இருக்குன்னு கேட்டுர்றாங்க.