சண்டை தீர்க்கும் தரைவிரிப்பு: வாங்கலாமா?

சண்டை போட்ட இரண்டு பிள்ளைகளை எதிரெதிர் முனையில் நிறுத்தி, ஒவ்வொரு பாதச்சுவடாக நடுவுக்கு வரவைக்கும் வினைல் விரிப்பு இது. நீளம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். பக்கத்துக்கு நான்கு சுவடுகள்: நிதானத்துக்கு வருவது, நடந்ததைச் சொல்வது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது, வழி யோசிப்பது. நடுவில் ‘மன்னிப்புக் கேள்’.

இரண்டாம் சுவட்டில்தான் முதல் சிக்கல். “நீ ஏமாத்துறேன்னு எனக்குத் தோணுது” என்பது உணர்ச்சி வேடம் போட்ட குற்றச்சாட்டு. “வரிசையில நீ முன்னாடி புகுந்தப்போ எனக்குக் கோபம் வந்துச்சு” என்றால் நடந்ததும் வந்துவிடும், மனசில் இருப்பதும் வந்துவிடும். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கார்டன் பரப்பிய முறை இது. விரிப்பில் ஒரு மாதிரி வாக்கியம்கூட அச்சிடாதது பெரிய குறை. அட்டையில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்.

மூன்றாம் சுவடுதான் இதன் உயிர். “சரி, புரிஞ்சுது” என்றதும் நகரவிடாதீர்கள். என்ன புரிந்தது என்று சொல்லி, எதிரில் நிற்கும் பிள்ளை “ஆமா, அதான்” என்ற பிறகே இருவரும் சேர்ந்து அடுத்த அடி. இல்லாவிட்டால் பாண்டி ஆட்டமாகிவிடும்.

அருகில் நிற்கும் ஆசிரியர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நம் சிங்கப்பூர்ச் சமூக சமரச நிலையத்தில் 1998 முதல் அண்டைவீட்டுத் தகராறுகள் அப்படித்தானே பேசி முடிக்கப்படுகின்றன? “யார் முதல்ல ஆரம்பிச்சது?” என்று கேட்டீர்களோ, காரியம் கெட்டது.

‘மன்னிப்புக் கேள்’ வரியின்மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, ‘இனி என்ன செய்வோம்?’ என்று எழுதுங்கள். வற்புறுத்தி வாங்கும் ‘சாரி’ வாசலைத் தாண்டாது. “இனி சண்டை போட மாட்டோம்” என்ற பதிலும் போதாது. “பந்து ஐந்து நிமிஷம் உனக்கு, ஐந்து நிமிஷம் எனக்கு” என்ற அளவுக்குத் துல்லியம் வேண்டும். மறுநாள் அதை விசாரிக்கவும் வேண்டும்.

ஒரு பிள்ளை இன்னொன்றைத் தொடர்ந்து மிரட்டுகிறது என்றால் அந்த இருவரையும் இந்த விரிப்பில் நிற்க வைக்கவே கூடாது. பயந்த பிள்ளை எதற்கும் தலையாட்டும். அது வகுப்பாசிரியரும் பள்ளி ஆலோசகரும் பார்க்க வேண்டிய விவகாரம்.

சுருட்டி அனுப்புவதால் ஓரம் மடங்கிக் கால் தடுக்கும். எதிர்ப்பக்கமாகச் சுருட்டி ஓரிரவு வைத்துவிட்டு, மூலைகளில் இருபக்க டேப் ஒட்டுங்கள். கேன்டீன் பக்கம் விரிக்காதீர்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடினால் எந்தப் பிள்ளையும் இறங்கி வராது.

ஒரே வகுப்புக்கென்றால் காசு வீண். மாஸ்கிங் டேப்பும் லேமினேட் செய்த எட்டு அட்டைகளும் போதும். ஊழியர்கள் மாறிக்கொண்டே இருக்கும் மாணவர் பராமரிப்பு நிலையங்கள் தாராளமாக வாங்கலாம். அன்று யார் பணியில் இருந்தாலும் படிகள் தரையிலேயே இருக்கும்.