பௌண்டி மொடல் கப்பல் கிட்: ஆறு வருட அனுபவம்

2019 ஒக்ரோபரில் வாங்கிய மரக் கிட் இது. 1:48 அளவு, அதாவது உண்மைக் கப்பலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. கட்டி முடித்தது 2023 ஓகஸ்டில். அதற்குப் பிறகு இரண்டு வருடமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் என் வீட்டு முன்னறையில் நிற்கிறது. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வாங்குங்கள், ஆனால் தனியாக இருந்து கட்டாதீர்கள்.

கப்பலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1784இல் ஹல் நகரில் பெத்தியா என்ற பெயரில் கட்டிய சரக்குக் கப்பல். 1787இல் பிரித்தானியக் கடற்படை அதை வாங்கி, டெப்ட்ஃபோர்ட் தளத்தில் மாற்றியமைத்து, பௌண்டி என்று பெயர் வைத்தது. பசிபிக் தீவான டஹிட்டியிலிருந்து ஈரப்பலாக் கன்றுகளை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்காகக் கப்பலின் பெரிய அறையையே எடுத்து 629 சட்டிகள் வைக்கும் இடமாக்கினார்கள். அந்தப் பயணத்தில் மாலுமிகள் கப்டனுக்கு எதிராகச் செய்த கலகத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அந்தச் சட்டிகள்தான். ஈரப்பலாக்காய்க் கறியோடு வளர்ந்தவனுக்கு வேறு எந்தக் கப்பல் பிடிக்கும்?

உண்மைக் கப்பலின் மேல்தளம் ஏறத்தாழ 27.7 மீற்றர் நீளம். மொடலில் அது 58 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரும். சமையலறை மேசையில் வைத்துக் கட்டக்கூடிய அளவு. பெட்டியில் ஏராவும் (கப்பலின் அடியில் ஓடும் முதுகெலும்பு) விலாச்சட்டங்களும் வெட்டி வருகின்றன. அவற்றின் மேல் முதல் அடுக்குக்கு 1.5 மில்லிமீற்றர் லைம் மரப் பலகைகள், அதற்கு மேலே காகிதம் போல மெல்லிய வால்நட். வெட்டு சுத்தம், மரமும் நல்லது. செய்முறைத் தாள்தான் மோசம். “பலகைகளைப் பொருத்தவும்” என்று ஒரே வரி. நான்கு மாத வேலைக்கு அவ்வளவுதான்.

நான் மாட்டிக்கொண்டது அந்த வரியில்தான். சரக்குக் கப்பல் என்பதால் பௌண்டியின் அணியம், அதாவது முன்பக்கம், நன்றாக உருண்டு வரும். நடுவில் இருக்கும் சுற்றளவு முன்னால் போகப்போகக் குறையும். நான் ஒவ்வொரு பலகையையும் முழு அகலத்தோடு வளைத்து ஊசி குத்தி ஒட்டினேன். ஏழாவது பலகையில் அணியத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஓலை வேய்ந்த மாதிரி நின்றது. மூன்று கிழமை அதைத் துணியால் மூடி வைத்திருந்தேன்.

பிறகுதான் தென்கிழக்கு லண்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடும் மொடல்காரர்களிடம் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். நான் துணியை எடுத்ததும் யாரும் “அருமை” என்று சொல்லவில்லை. ஒருவர் எழுந்து தன் காருக்குப் போய், பழைய துவாயில் சுற்றிய ஒரு கப்பலுடலைக் கொண்டுவந்தார். அவர் தொடங்கிய முதல் கப்பல், முடிக்காதது. அணியத்தில் அதே ஓலை. இருபது வருடமாக வைத்திருக்கிறாராம், புதிதாக வருபவர்களுக்குக் காட்ட. அந்தக் கப்பலைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அங்கே வல்வெட்டித்துறை ஐயா ஒருவரும் இருந்தார். எழுபது தாண்டியவர், சின்ன வயதில் ஊரில் வள்ளம் கட்டும் இடத்தில் கைவேலை செய்தவர். அணியத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, பசையிலை பிழை இல்லை. பலகை அகலம் கூடிப்போச்சு. சீவ வேணும்,” என்றார். ஒரு காகிதத் துண்டை எடுத்து விலாச்சட்டத்தின் வளைவில் ஒட்ட வைத்து, மேலும் கீழும் பென்சிலால் குறித்தார். அந்த நீளத்தை மிச்சமுள்ள பலகைகளின் எண்ணிக்கையால் பிரித்தார். நடுவில் 5 மில்லிமீற்றர் வந்தது, அணியத்தில் 3க்கும் குறைவு. எல்லா விலாச்சட்டத்திலும் இப்படி அளந்து, ஒவ்வொரு பலகையையும் அந்த அளவுக்குச் சீவிவிட்டால் அது தானாகவே போய் உட்காரும். ஒட்டிய ஏழையும் அன்றைக்கே ஈரத்துணி போட்டுக் கழற்றினோம். எத்தனை கைகள் உதவின என்று எண்ணவில்லை.

2020இல் மண்டபம் பூட்டிக்கிடந்த காலத்தில் கிழமைக்கு ஒருநாள் வீடியோவில் கூடினோம். கதைப்பது குறைவு, அவரவர் தன் மேசையில் வேலை. ஏணிக்கயிறுகளுக்கு நூற்றுக்கணக்கான முடிச்சு போட்டதெல்லாம் அப்போதுதான். தனியாக என்றால் பத்தாவது படியிலேயே விட்டிருப்பேன்.

இனி, காலம் காட்டிய குறைகள். கிட்டோடு வந்த பருத்தி நூல் பஞ்சு பஞ்சாகப் பிரிந்தது. குளிர்காலத்தில் இறுகுவதும் கோடையில் தளர்வதுமாக இருந்தது. தேன்மெழுகு பூசிய பொலியெஸ்டர் நூலுக்கு மாற்றிக் கட்டிய பக்கம் இன்றைக்கும் அசையவில்லை. சுப்பர் குளூ போட்ட இடங்கள் வெள்ளை பூத்துவிட்டன. கயிறுகளை இழுத்துப் பிடிக்கும், ஒவ்வொன்றிலும் மூன்று துளையுள்ள சின்ன மர உருளைகளில் இரண்டு, மூன்றாம் வருடத்தில் பிடி விட்டன. வெள்ளை மரப்பசையால் ஒட்டியது எதுவும் அசையவில்லை. யன்னல் வெளிச்சம் படும் பக்கத்தில் வால்நட் வெளிறிவிட்டது. அதனால் பெட்டியை உள்சுவருக்கு மாற்றினேன். வீட்டுச் சூடாக்கி பக்கத்தில் வைக்காதீர்கள், பலகை இடுக்கு திறக்கும். பித்தளைப் பீரங்கிகள் நன்றாக இருக்கின்றன.

கிட்டை மட்டும் வைத்து மதிப்பிட்டால் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். முன்னறைக்குள் வந்து அதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கணக்கு நினைவுக்கு வருவதில்லை. இடது அணியத்தில் நான்காவது பலகை ஐயா சீவியது. பாய்மரக் கயிறொன்றில் கொஞ்சம் வேறு நிறமாக நிற்பது, நூல் தீர்ந்தபோது ஒருவர் தபாலில் அனுப்பிய துண்டு.

இப்போது மண்டபத்தில் நாலு பேர் சேர்ந்து கிட் இல்லாத ஒரு கப்பலைத் தொடங்கியிருக்கிறோம். வல்வெட்டித்துறையில் கட்டி, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை பாய் விரித்துப் போன அன்னபூரணி. பழைய படங்களும், ஊரில் வள்ளம் கட்டிய விதம் பற்றிய ஐயாவின் ஞாபகமும்தான் வரைபடம். துவாய்க்காரர் விலாச்சட்டம் வெட்டுகிறார், பலகை என் பொறுப்பு. போன சனிக்கிழமை ஏரா நிமிர்த்தினோம். ஐயா என் கையில் ஒரு காகிதத் துண்டும் பென்சிலும் தந்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.