தகரக் கூரைக்கு வெள்ளையா, வெள்ளியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட வீடுகளில் தகரக் கூரை இன்னும் நிறைய இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு அதன் கீழே வயதானவர்களும் கைக்குழந்தைகளும் படுத்திருக்கிறார்கள். கூரைக்கு எந்தச் சாயம் என்பதை அவர்களை மனத்தில் வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

பச்சை, சிவப்பு எனாமலை முதலிலேயே தள்ளிவிடலாம். அடர்நிறம் வெயிலின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. அத்துடன், எண்ணெய் எனாமலைத் துத்தநாகத் தகரத்தில் நேரடியாகப் பூசினால், நாளடைவில் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்புப் போலாகிப் பட்டைபட்டையாக உரிந்துவிடும்.

உண்மையான போட்டி, அலுமினியத் தூள் கலந்த வெள்ளிச் சாயத்துக்கும் வெயிலைத் திருப்பும் வெள்ளைச் சாயத்துக்கும் இடையில்தான். பளபளப்பைப் பார்த்து வெள்ளியை வாங்குகிறவர்களே அதிகம். ஆனால் புதிய நல்ல வெள்ளைச் சாயம் வெயிலில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது; வெள்ளி பாதிக்குச் சற்று மேல்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. உறிஞ்சிய சூட்டைக் கூரை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு வெளியேற்ற வேண்டும். சாதாரணச் சாயம் எந்த நிறமானாலும் இதை 90 விழுக்காட்டுத் திறனுடன் செய்யும். வெள்ளிச் சாயத்தின் திறன் பெரும்பாலும் அதில் பாதியளவே. ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் லெஸ்லி 1804இல் வெளியிட்ட ஆய்வில், வெந்நீர் நிரப்பிய கனசதுரப் பெட்டியைக் கொண்டு இதைக் காட்டினார்: விளக்குக்கரி பூசிய பக்கமும் வெள்ளைத்தாள் ஒட்டிய பக்கமும் ஏறக்குறையச் சமமாக வெப்பம் வீசின; மெருகிட்ட உலோகப் பக்கம் மிகக் குறைவாகவே வீசியது. குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டர்களுக்கும் இதே விதிதான். அவற்றில் வெள்ளை, கறுப்பு எதைப் பூசினாலும் வித்தியாசம் சொற்பம். வெள்ளிச் சாயம் பூசினால் அறைக்கு வரும் கதிர்வெப்பம் குறைந்துவிடும்.

நீங்களே சோதிக்க விரும்பினால் ஓர் எச்சரிக்கை. குறிபார்த்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை வெள்ளிப் பரப்பின் மேல் நீட்டாதீர்கள். அது சாதாரணச் சாயத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்ட கருவி. பளபளப்பில் தெரியும் குளிர்ந்த வானத்தையும் சேர்த்து அளந்து, சூட்டைக் குறைத்துக் காட்டும். ஒரே கனமுள்ள இரண்டு தகரத் துண்டுகளில் ஒன்றின் மேல்பக்கத்தில் வெள்ளையும் மற்றதன் மேல்பக்கத்தில் வெள்ளியும் பூசி, ஒரே சாய்வில் வைத்து, இரண்டின் அடியிலும் மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு நாடாவை ஒட்டி, உச்சிவெயிலில் கீழிருந்து அந்த நாடாவை ஒன்றன்பின் ஒன்றாக உடனே அளந்து பாருங்கள். இப்படி அளப்பதே நியாயமான ஒப்பீடு.

என் தீர்ப்பு: மேலே வெள்ளை. ஆனால் வெள்ளியைத் தூக்கி எறிய வேண்டாம். அதற்கு உரிய இடம் கூரையின் அடிப்பக்கம். துருவேறிய தகரத்தின் அடிப்பக்கம் வீட்டுக்குள் வெப்பத்தைத் தாராளமாக வீசும். துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதன்மேல் வெள்ளி பூசினால் கட்டிலை நோக்கி இறங்கும் கதிர்வெப்பம் கணிசமாகக் குறையும். கதிர்வீச்சைக் கட்டுப்படுத்தும் அதே குணம் இங்கே நமக்கு உதவுகிறது.

வெள்ளைக்கு ஒரு குறை இருக்கிறது. நம் ஊர் ஈரத்தில் பாசியும், செம்மண் சாலைப் புழுதியும் படிந்து அதன் திறன் இறங்கும். வெயில் காலம் தொடங்குமுன் ஆண்டுக்கு ஒருமுறை மென்மையான தூரிகையால் கழுவ வேண்டும். கூரையில் ஏறிக் கழுவ ஆளில்லாத வீட்டிலும் நான் வெள்ளையையே சொல்வேன். அழுக்கேறிய பிறகும் எனாமலைவிட அது மேல்.