ஓடைக்கரையில் ஓராண்டு: ஒரு நீர்ப் பரிசோதனைப் பெட்டியைப் பற்றி

எங்கள் ஓடையின் நீரை நாங்களே சோதித்துப் பதிவு செய்யத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. மாதம் இரண்டு முறை, மூன்று இடங்களில். அதற்காகக் குழுவாகச் சேர்ந்து வாங்கிய பெட்டி இது. தோளில் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கலாம், அவ்வளவுதான் கனம். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். தாள்களும் கலங்கல் பார்க்கும் குழாயும் குறைசொல்ல இடமில்லாமல் வேலை செய்கின்றன.

கரைந்துள்ள ஆக்ஸிஜனை அளக்கும் பகுதிக்காகவே இந்தப் பெட்டியை வாங்கலாம். 1888-ல் ஹங்கேரிய வேதியியலாளர் விங்க்ளர் வகுத்த முறைதான். கண்ணாடிக் குப்பியை நீருக்குள் அமிழ்த்தி நிரப்பி, ஒரு குமிழிகூட நிற்காமல் உள்ளேயே மூடிவிட வேண்டும். பிறகு மாங்கனீசு சல்பேட், அடுத்து கார அயோடைடு. ஆக்ஸிஜன் இருந்தால் பழுப்புத் திப்பிகள் திரண்டு மெல்ல அடியில் படியும். அமிலம் விட்டதும் அவை கரைந்து நீர் தேன்நிறமாகும். அதன்பின் அவசரமில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து, நிறம் மறையும்வரை இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிதானமாகச் சொட்டுகளை எண்ணலாம். அந்த எண்ணிக்கையே ஆக்ஸிஜன் அளவைச் சொல்லும்.

ஒரு நாள் விடியுமுன் பாலத்துக்குக் கீழே எடுத்த குப்பியில் திரண்டது கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்தது. எண்ணிப் பார்த்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம். 5-க்குக் கீழே போனாலே பல மீன்கள் திணறும். அன்று மாலை மூன்று மணிக்கு அதே இடத்தில் 8! பகலில் பாசி ஆக்ஸிஜனை வெளியிடுகிறது. இரவெல்லாம் அதுவே சுவாசித்துத் தீர்த்துவிடுகிறது. நேரம் தெரியாத அளவைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் என்ன பேச முடியும்? ஆனால் பெட்டியோடு வரும் பதிவுத்தாளில் நேரத்துக்கென்று ஒரு கட்டம் இல்லை. தேதி மட்டும்தான்.

மருந்துகளில் காட்டிய அக்கறையைக் காகிதத்தில் காட்டவில்லை என்பதுதான் என் மனத்தாங்கல். நீரில் கரைந்துள்ள நைட்ரேட் உப்பை நிறம் ஒப்பிட்டு அளக்கும் வண்ண அட்டையிலும் இதே கதை. ‘10’ என்று போட்டிருக்கிறது. நைட்ரேட்டா, நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனா என்று சொல்லவில்லை. நைட்ரஜனாக 10 என்றால் நைட்ரேட்டாக ஏறத்தாழ 44. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு நைட்ரேட்டாக லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்னும்போது, இந்தக் குழப்பம் சின்ன விஷயமில்லை. பெட்டியை விற்ற நிறுவனத்துக்கு எழுதினோம், ஆறு வாரம் கழித்து, நைட்ரஜன்தான் என்று பதில் வந்தது. அதற்குள் நிரப்பியிருந்த தாள்களையெல்லாம் உட்கார்ந்து திருத்தினோம்.

இன்னொன்று, இதில் எனக்கு உண்மையிலேயே கோபம். அந்த நைட்ரேட் சோதனையில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறது. சோதித்த நீரைக் கரையில் கொட்டக் கூடாது என்பதைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஓடையைக் காக்கப் போகிறவர் கையில் கொடுக்கும் பெட்டியில் அது மூடியின் மேலேயே இருக்க வேண்டாமா? நாங்கள் தனிக் குப்பியில் சேர்த்து, ஆய்வகக் கழிவோடு சேர்க்கக் கொடுத்துவிடுகிறோம்.

ஆக்ஸிஜன் மருந்துகள் தீர்ந்ததும் அதே நிறுவனத்திடம் மறுபடி வாங்கினோம். நைட்ரேட்டுக்குக் காட்மியத்துக்குப் பதில் துத்தநாகம் பயன்படுத்தும் வேறொரு தொகுப்புக்கு மாறிவிட்டோம். பதிவுத்தாளை நாங்களே அச்சிட்டுக்கொள்கிறோம்: தேதி, நேரம், நீரின் வெப்பநிலை, முந்தைய நாள் மழை, அலகோடு சேர்த்து அளவு, எடுத்தவர் கையெழுத்து.